தும்பை என்னும் திறைநாய் கைச்சோறு உண்ணாத செய்தி

நிலம் விளைக. நீர் நிறைக. கொடி தாழாது பறக்க. வேங்கைமுடி நாட்டில் அச்சம் என்பது இல்லை.

வாழ்த்துக்கு அழகாக இருக்கட்டும் என்று எழுதியதாகத் தாங்கள் கருதிவிடலாகாது. சென்ற தைத் திங்கள் தொட்டு, மலையடி முதல் கழிமுகம் வரை எம் மன்னரின் செங்கோல் செல்லும் இடமெங்கும் அச்சம் ஆணையால் ஒழிக்கப்பட்டுவிட்டது. சுங்கம் தவிர்த்த அரசர் உண்டு. போர் தவிர்த்த அரசரும் அங்கொருவர் இங்கொருவர் உண்டு. அச்சத்தையே தவிர்த்தவர் இப்பார்மேல் எம்மவர் ஒருவர்தாம். எம் நாட்டில் குழந்தைகள் இடிக்கு அழுவதில்லை. மாடுகள் மிரள்வதில்லை. முதியோரிடம் சாவைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறார்கள். சிரிக்காதவர்க்குக் கசையடி உண்டு. அச்சம், பயம் முதலாய சொற்களை அரச ஓலைகளில் அன்றி வேறெங்கும் எழுதவோ, வாயால் சொல்லவோ கூடாதென்பதும் ஆணையில் அடங்கும். அச்சொற்களை எழுதும் உரிமை பெற்ற மிகச் சிலருள் யானும் ஒருவன் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வேங்கைக் கொடியோர், கழிமுகம் காவலர், அச்சந்தவிர்த்த மாவேங்கையர் திருவடி நிழலில் ஓலைநாயகமாக இருக்கும் பூதன் எயினன், தேன்வரை நாட்டின் தலைவர், முழைதோறும் தேனடை தொங்கும் மலைக்கு உரியவர், வேள் முடிநாகனார்க்கு விடுக்கும் ஓலை இது. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் தினை தலைசாய்ந்து விளைக. தங்கள் பெண்டிர் சுளகும் கூடையும் நிறைந்து வீடு திரும்புக. உப்பு எம் நாட்டிலிருந்து வரவேண்டிய பொருள் ஆகையால் அதனை வாழ்த்தில் சேர்க்கவில்லை.

உடன்படிக்கையின் வாசகம் தாங்கள் அறியாததன்று. தங்கள் தந்தையாரின் முத்திரை அதில் உள்ளது. ஆயினும் ஓலைமுறை கருதி மீண்டும் எழுதுகிறேன். தேன்வரை நாடு ஆண்டுதோறும் ஒரு நாயை எமக்குத் திறையாக விடுக்கும். அந்நாய் கீழைவாயிலில் தொடங்கி, அவை நடுவே, முரசு முழங்கத் தானாக நடந்து வந்து, மன்னர் கையிலிருந்து ஒரு பிடி சோறு உண்ணும். உண்டால் திறை ஏற்கப்பட்டதாகும். கள்ளிக்கணவாயின் கதவு திறக்கும். உப்புப் பொதிகள் மலையேறும். பிணையாக எம் அரண்மனையில் இருக்கும் தங்கள் குடிப்பிள்ளை வீடு திரும்பும். உண்ணாவிட்டால் கதவும் இல்லை, உப்பும் இல்லை, பிள்ளையும் இல்லை. முழுநிலாவுக்கு ஒருமுறையாக மும்முறை அழைக்கலாம். கயிறு கட்டி இழுத்து வந்தது கொள்ளைப்பொருள் என்றும், கயிறின்றி வந்ததே திறை என்றும் முன்னோர் வரையறுத்திருக்கிறார்கள். தோற்றவர் விரும்பி வந்து வணங்கினார் என்பதற்கு வென்றவர்க்கு ஒரு சான்று வேண்டும் அல்லவா? மனிதர் அதற்கு எளிதில் ஒத்துவருவதில்லை. ஆகவே நாய்.

இவ்வாண்டின் நாய் மூங்கில் கூடையில் வந்தது. உடன் வந்த ஓலையில், “மூங்கில்குடியில் உங்கள் படை மிச்சம் வைத்துப்போனது இது ஒன்றுதான், ஆகவே இதையே அனுப்புகிறேன்” என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். அதனை அவையில் வாசிக்கும் பேறு எனக்குக் கிட்டியது. ‘மிச்சம்’ என்னும் இடம் வந்தபோது எனக்கு இருமல் வந்துவிட்டமையால் அச்சொல் யார் காதிலும் விழவில்லை, அதற்காக வருந்துகிறேன். மூங்கில்குடிக்கு எம் படை எல்லைக்கல்லைப் பார்வையிடவே சென்றது. எல்லைக்கல் கூரைகளுக்குள் ஒளிந்திருக்கக்கூடும் என்று ஐயம் எழுந்ததால் கூரைகளைக் கொளுத்த நேர்ந்தது. எதிர்ப்பார் ஒருவரும் இல்லாத ஊராகையால் எம் வீரர்தம் வீரம் அங்கே தங்குதடையின்றி வெளிப்பட்டது என்று மெய்க்கீர்த்தியில் சேர்த்திருக்கிறோம்.

கூடையைத் திறந்தார்கள். செவலை நிறம். மார்பில் ஒரு கைப்பிடி வெள்ளை. இடக்காது தீப்பட்டுச் சுருங்கி, வாடிய வெற்றிலை போல் மடிந்திருந்தது. வாலை வயிற்றோடு ஒட்டிப் புதைத்திருந்தமையால், வேட்டைநாய்களுக்குத் தலைவரான ஏனாதி கொற்றங்காரியார், “என்ன ஓய், வாலில்லாத நாயை அனுப்பியிருக்கிறான்?” என்று கேட்டார். அவர் குரல் கேட்ட மாத்திரத்தில் நாய் கூடையைத் தள்ளிவிட்டு ஓடி, முற்றம் கடந்து, திறந்திருந்த முதல் கதவினுள் நுழைந்து, அங்கிருந்த கட்டிலின் அடியில் சுவரோடு சுவராய் ஒடுங்கிக்கொண்டது. அக்கதவு ஓலைச்சாலையின் கதவு. அக்கட்டில் என் கட்டில். இவ்வாறுதான் தங்கள் திறை என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. இதில் என் தகுதி எதுவும் இல்லை.

ஏனாதியார் கட்டிலின் கீழே குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, “இதற்கு இன்னும் ஆணை எட்டவில்லை, அவ்வளவுதான். வாசித்துக் காட்டும்” என்றார்.

அரசாணை கேளாதவர் மேல் செல்லாது என்பது எம் நாட்டுச் சட்டம். ஆகவே அச்சவொழிப்பு ஆணையை நாய்க்கு வாசித்தோம். முரசறையாமல் வாசித்த ஆணையும் செல்லாது. ஆகவே முரசறைந்து வாசித்தோம். ஓலைச்சாலை சிறிய அறை, முரசு பெரியது. ஆணையின் இரண்டாம் வாக்கியம் முடியுமுன் கட்டிலின் கீழிருந்து ஒரு நீரோடை புறப்பட்டு வந்து, தரையில் உலர வைத்திருந்த மெய்க்கீர்த்தியின் முதல் ஏட்டை நனைத்தது. எம் மன்னரின் வெற்றிகளுள் மூங்கில்குடி வெற்றி அந்த ஏட்டில்தான் இருந்தது. புதிய ஏடு எழுதிச் சேர்த்துவிட்டேன். வாசம் மட்டும் போகவில்லை.

மறுநாள் புலிநகம் கோத்த கயிறு ஒன்றைக் கோலில் மாட்டிக் கட்டிலுக்கடியில் நீட்டினார்கள். அதற்கு மறுநாள், முரசைக் கேட்டுக் கேட்டே முரசு பழகும் என்று காலையும் மாலையும் வாசலில் முரசறைந்தார்கள். நாய் உண்ணவில்லை. வெளியே வரவுமில்லை. “தேய்த்துத் தேய்த்துத்தானே கத்தி கூராகும்?” என்று ஏனாதியார் எனக்கு விளக்கினார். உண்மையே, தேய்ந்துகொண்டேதான் வந்தது.

இந்நிலையில்தான் தங்கள் தங்கையார் வெண்ணி நங்கை ஓலைச்சாலைக்கு வந்தார். பிணையாக வந்தவர் அரண்மனைக்குள் எங்கும் செல்லலாம் என்பது விதி. அவர் வயதில் என்னைவிட இளையவர். நாக்கு மட்டும் மூத்தது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். வந்தவர் நாயைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் அமர்ந்தார். மடியிலிருந்து கருவாட்டுத் துண்டு ஒன்றை எடுத்துப் பின்புறமாக, கட்டிலுக்கு அடியில், நாய்க்கும் அப்பால் எறிந்தார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு தேன்வரைப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். அன்று முழுவதும் இதுதான் வேலை.

“நங்கையீர், நாய் உம்மிடம் வரவேண்டும் என்றால் துண்டை உம் பக்கம் அல்லவா போட வேண்டும்? அப்பால் எறிந்தால் அப்பால்தானே போகும்?” என்று யான் அறிவுரை கூறினேன்.

“போகட்டுமே, ஓலைக்காரரே. போகலாம்னு தெரிஞ்சாத்தானே வரும்? வந்தா விடமாட்டாங்கன்னு தெரிஞ்ச எடத்துக்கு நீர் போவீரா?”

“எம் நாட்டில் அந்தப் பொருள் ஒழிக்கப்பட்டு...”

“அதான் பாத்தேனே, ஏட்டை நனைச்சிருக்கு. கொஞ்சம் காலை நகர்த்தும்.”

அவர் அந்நாய்க்குத் தும்பை என்று பெயரிட்டார். போருக்குச் செல்பவர் சூடும் பூவின் பெயர் இதற்குப் பொருந்துமா என்று கேட்டேன். மார்பின் வெள்ளையைக் கண்டு இட்டதாகச் சொன்னார். போரை நினைக்கவில்லை, நினைத்திருந்தால் வேறு பெயர் இட்டிருப்பேன் என்றும் சொன்னார். என்ன பெயர் என்று யான் கேட்கவில்லை.

அடுத்து வந்த நாள்களில் ஓலைச்சாலையில் நடந்தவற்றை அரச ஓலையில் எழுதுவதற்கு என் எழுத்தாணி கூசுகிறது. தேங்காய் ஓடுகளைத் தரையில் கவிழ்த்து, அவற்றுள் ஒன்றின் கீழ் கருவாட்டை ஒளித்துவைப்பார். தும்பை மூக்கால் ஓட்டை உருட்டும். ஓடு தரையில் மோதிக் கடகடக்கும். தும்பை கட்டிலுக்கடியில் பாயும். நங்கை சிரிப்பார்; எழுந்து போய் இழுக்கமாட்டார். சிறிது நேரத்தில் அது மறுபடி வரும், மறுபடி உருட்டும். பின்னர் ஓடுகளுக்குப் பதிலாகப் பித்தளைத் தட்டு வந்தது. கந்தல் துணியை முறுக்கி ஒரு முனையை அதனிடம் கொடுத்து மறுமுனையை இவர் இழுப்பார். ஒவ்வொரு முறையும் இவரே தோற்பார். தோற்றதும், வேளிர்குடியின் மகள், இரு கைகளையும் தரையில் நீட்டி, முழங்காலில் நின்று, பின்பக்கத்தை உயர்த்தி, நாய் நாயை விளையாட அழைப்பது போல் அழைப்பார். அரண்மனையின் இளைஞர் வட்டம் சன்னலருகே கூடிநின்று பார்த்தது.

இதுபற்றி யான் ஓர் அகவல் பாடினேன். தங்கள் குடிப்பெண்ணைக் குறித்ததாகையால் இங்கே எழுதாமல் விடுவதே முறை. யான் விட்டாலும் தங்கள் ஒற்றர் விடமாட்டார் என்பதால் எழுதுகிறேன்.

மண்மேற் கிடந்தாள் மலைவேள் தங்கை;
கயிற்றொடு நின்ற காவலன் கலங்கினன்,
எதன்கழுத் திடுவ திக்கயி றெனவே.

அடுமனை முதல் யானைக்கொட்டில் வரை இது உலவியது. ஏனாதியாரே இருமுறை பாடச் சொல்லிக் கேட்டார். நங்கையின் காதுக்கும் எட்டியது. “எதுகை கொஞ்சம் தட்டுது. மத்தபடி நல்லாயிருக்கு” என்றார். “அந்தத் தட்டை இப்படித் தள்ளும்.” யான் தள்ளினேன். வேறென்ன செய்வது?

பின்பு ஒரு நாள் அவர் முரசையே கேட்டார். பெரிய முரசன்று, கூத்தர் இடுப்பில் கட்டும் சிறுபறை. அதனைத் தரையில் படுக்கவைத்து, தோலின் நடுவில் கருவாட்டை வைத்துவிட்டு விலகி அமர்ந்தார். தும்பை நெடுநேரம் சுற்றிச் சுற்றி வந்தது. கழுத்தை நீட்டி எடுக்கப் பார்த்தது, எட்டவில்லை. ஒரு முன்காலைத் தோலின் மேல் வைத்தது. தும் என்றது பறை. தும்பை கட்டிலுக்கடியில் இருந்தது. யான் ஓலையிலிருந்து கண்ணெடுக்காமல் எழுதிக்கொண்டிருந்தேன்; எழுதியதைப் பிறகு பார்த்தால் ஒரே சொல்லை நான்குமுறை எழுதியிருக்கிறேன். அது மறுபடி வந்தது. கால் வைத்தது. தும். ஓடவில்லை. பறையைப் பார்த்தது. தன் காலைப் பார்த்தது. மறுபடி வைத்தது. அச்சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அதற்கு அன்றுதான் தெரிந்தது என நினைக்கிறேன். வாலும் அன்றுதான் வெளியே வந்தது. நீளமான வால், நுனியில் வெள்ளை. ஏனாதியார்க்கு இதனைத் தெரிவித்தேன்.

“மூங்கில்குடிக்கு உங்காளுங்க முரசு அடிச்சுக்கிட்டுதான் வந்தாங்க” என்றார் நங்கை, கருவாட்டை நறுக்கிக்கொண்டே. “தெரியுமா?”

மெய்க்கீர்த்தியை எழுதியவன் யான். தெரியாமல் இருக்குமா? ஆனால் அதில் முரசு ‘முழங்கிற்று’ என்றிருக்கிறதே அன்றி யார் காதில் முழங்கிற்று என்று இல்லை.

இனி முதல் அழைப்பு நாளின் செய்தி. அன்று அவை நிறைந்திருந்தது. கீழைவாயில் திறந்தது. முரசுகள் முழங்கின. கயிறின்றித் தும்பை வந்தது. வாயிற்படியில் நின்றது. வால் ஒருமுறை உள்ளே போயிற்று. பாதி வெளியே வந்தது. நங்கை பெண்டிர் வரிசையில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டு தேன்வரைப் பாட்டை முணுமுணுத்தார். தும்பை நடந்தது. இருபுறமும் வேல்கள் நிற்க, ஏனாதியார் நிற்க, மூங்கில்குடிக்குச் சென்றுவந்த படைத்தலைவர்கள் மாலையணிந்து நிற்க, அவர்களுக்கு நடுவே ஒரு காது சுருங்கிய நாய் நடந்தது. என் வாழ்நாளில் அந்த அவை நடுவே நிமிர்ந்த தலையோடு வேறெவரும் நடந்து யான் கண்டதில்லை. யானும் நடந்ததில்லை, ஓலை நீட்டும்போது குனிந்துதான் வருவேன். அது மரபு.

தும்பை அரியணையின் முன் வந்து நின்றது. மன்னர் கை நீட்டினார். கையில் சோறு இருந்தது. அப்போது, வெற்றிப் பெருமிதம் மிகுந்தமையால், மன்னரின் திருக்கை அதிரத் தொடங்கிற்று. அதிர்வு தோள்வரை சென்றது. கங்கணங்கள் ஒன்றோடொன்று மோதி ஒலித்தன. சோறு பருக்கை பருக்கையாகச் சிந்திற்று. எம் மன்னர் சிறுவராக இருந்தபோது ஒரு நாய் அவரது கெண்டைக்காலைக் கவ்விய செய்தி எம் நாட்டில் எவர்க்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இப்போது இல்லை. அவையில் இருந்த அனைவரும் அக்கணம் தத்தம் கால்விரல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தும்பை மட்டும் மன்னரின் கையைப் பார்த்தது. பார்த்துவிட்டு, ஓடாமல், ஓர் அடி பின்னால் நகர்ந்து அமர்ந்துகொண்டது. அந்த அதிர்வைத் தானும் அறிந்தது போல.

பெண்டிர் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கட்டிலுக்கடியில் பேசும் அதே குரல்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. கையைத் தாழ்த்துங்க. அது கண்ணைப் பாக்காதீங்க. அதுவா வரும். பயப்படாதீங்க.”

அந்தச் சொல் அவ்வவையில் ஒலித்துப் பல திங்கள் ஆயிற்று. மன்னர் தங்கள் தங்கையைப் பார்த்தார். வேல்களுக்கு நடுவே அகப்பட்ட ஒருவரைப் பெயர்சொல்லி அழைத்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றுவதற்கு மதிப்பில்லை. கை தாழத் தொடங்கியது. உண்மையாகவே தாழ்ந்தது. இன்னும் ஒரு சாண் தாழ்ந்திருந்தால் இவ்வோலைக்கே தேவை இருந்திராது. அதற்குள் ஏனாதியார் முரசுக்குக் கைகாட்டிவிட்டார். எல்லா முரசுகளும் ஒருசேர அதிர்ந்தன. தும்பை எங்கே போயிற்று என்று யாரும் தேடவில்லை, எனக்குத் தெரியும்.

தீர்ப்பு உடனே வழங்கப்பட்டது. நாய் அஞ்சிற்று ஆகையால் திறை ஏற்கப்படவில்லை. கள்ளிக்கணவாய் மூடியே இருக்கும். ஒழிக்கப்பட்ட பொருளை அவைக்குள் கொண்டுவந்த குற்றத்துக்காக வெண்ணி நங்கை மேன்மாடத்தில் அடைக்கப்படுவார். தங்கள் மக்கள் சாம்பலைக் கரைத்து வடித்துக் கஞ்சியில் ஊற்றிக் குடிப்பதாக ஒற்றர் சொன்னதைப் பேரவை கேட்டு, தேன்வரையாரின் சமையல்திறனை வியந்தது.

நங்கை நலமாக இருக்கிறார். உணவு குறைவில்லை. மேன்மாடத்தின் ஒரே சன்னல் ஓலைச்சாலை முற்றத்தை நோக்கியிருப்பது தற்செயல்.

அச்சமற்ற வேறொரு நாயை அடுத்த முழுநிலாவுக்குள் அனுப்புமாறு தங்களுக்கு ஆணையிடும் ஓலை அன்றே எழுதப்பட்டது. யானே எழுதினேன், அரக்கும் இட்டேன். மூங்கில்குடிக்குப் பிறகு தங்கள் மலையில் அப்படி ஒரு நாய் எங்கே கிடைக்கும் என்று ஆணையில் குறிப்பிட இடம் இல்லை. கருவாடு நறுக்கிய பலகையில் வைத்து எழுதியமையால் அவ்வோலையில் சிறிது வாசம் ஏறிவிட்டது போலும். இரவுக்குள் தும்பை அதனைக் கட்டிலின் மேலிருந்து இழுத்து, அடியில் கொண்டுபோய், அதன்மேல் படுத்துக்கொண்டது. எடுக்க வந்த ஏவலர் குனிந்து பார்த்துவிட்டு, தமக்கு வேறு அவசர வேலை இருப்பதாகச் சொன்னார். ஏனாதியாரும் வந்தார். தும்பை உறுமிற்று. முதன்முறை. அவர்க்கும் அவசர வேலை வந்துவிட்டது. அஞ்சுவார் ஒருவரும் இல்லாத நாடு எம் நாடு. நேரம் கிடைப்பவர்தாம் இல்லை. ஆகவே அவ்வாணை இன்றுவரை புறப்படவில்லை. அதற்குப் பதிலாகப் புறப்படுவது இந்த ஓலை.

பயிற்சி தொடர்கிறது. யார் தொடர்கிறார் என்பது இவ்வோலைக்கு வேண்டாத செய்தி. மேன்மாடத்துச் சன்னலிலிருந்து காலைதோறும் சில குரல்கள் வருவதாகவும், “விட்டுக்கொடும் ஓலைக்காரரே, விட்டுக்கொடும்! நாயோட இழுத்து நீர் ஜெயிச்சு எந்தக் கோட்டையைப் பிடிக்கப்போறீர்?” என்பது அவற்றுள் ஒன்று எனவும் காவலர் சொல்கிறார்கள். காவலர் பலதும் சொல்வார்கள். நேற்று அடுமனையில் ஓர் அகப்பை விழுந்தது; தும்பை மறுபடி கட்டிலுக்கடியில் போய்விட்டது. முன்பு பகல் முழுதும் வெளிவராது. நேற்றுப் பால் பொங்கும் நேரத்தில் வந்துவிட்டது. இதையெல்லாம் அளந்துகொண்டிருப்பவர் யாரோ.

மன்னர் செய்தியும் ஒன்று உண்டு. அழைப்பு நாளுக்கு மறுநாள் அவர் என்னைத் தனியே அழைத்தார். கதவைத் தாமே சாத்தினார். பிறகு, “எயினா, அது எம் முகத்தைப் பார்த்ததா, கையைப் பார்த்ததா?” என்று கேட்டார். “சோற்றைப் பார்த்தது, பெருமானே” என்றேன். பொய்தான். மன்னர் தலையசைத்தார். “அது இப்போதும் உன் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறதா?” என்றார்.

அதன்பின் ஏடுகள் செல்லரித்திருக்கின்றனவா என்று பார்வையிட மன்னர் நாள்தோறும் ஓலைச்சாலைக்கு எழுந்தருள்கிறார். முதலில் முற்றத்திலிருந்தே பார்வையிட்டார். எம் மன்னர்க்கு அதிரசம் பிடிக்கும் என்பது அரச மறைபொருள் அன்று. யான் வாசற்படிக்கு வெளியே ஒரு தட்டில் அதிரசம் வைத்துவிட்டு, மன்னரைப் பாராமல், வேறுபக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருப்பேன். மறுநாள் தட்டைப் படியின் மேல் வைத்தேன். அதற்குப் பிறகு படிக்கு உள்ளே. அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம் என்பதற்காகக் கதவை அகலத் திறந்தே வைத்திருக்கிறேன். ஒருநாள் தும்பை கொட்டாவி விட்டது. மன்னர் அதிரசத்தோடு முற்றத்துக்கே போய்விட்டார். யான் பின்தொடரவில்லை. நேற்று அறைக்குள் வந்து தாழ்ந்த பலகை ஒன்றில் அமர்ந்தார். ஏடு எதையும் புரட்டவில்லை. தும்பை பறையின் மேல் கால் வைத்தது. தும். மன்னர் தம் கங்கணங்களைக் கழற்றிப் பலகையில் வைத்தார்.

ஆகலின் வேள் முடிநாகனார் அறிந்து ஒழுக வேண்டியவை இவை. வேறு நாய் அனுப்ப வேண்டா. எங்கிருந்தேனும் பிடித்து, அடித்து, அஞ்சாததுபோல் நிற்கப் பழக்கியும் அனுப்ப வேண்டா. அவ்வகை எம்மிடம் நிறைய இருக்கிறது. இரண்டாம் அழைப்பு நாளன்று தங்கள் மக்கள் பொதிமாடுகளோடும் கூடைகளோடும் கள்ளிக்கணவாயின் கதவருகே நிற்கட்டும். கதவு திறக்கும் என்று எழுதும் அதிகாரம் எனக்கில்லை. நிற்கட்டும் என்று எழுதும் அதிகாரம் உண்டு, எழுதிவிட்டேன். முரசுகளின் தோல்கள் அன்று நனைந்திருக்கக்கூடும், மழைக்காலம் அல்லவா. தும்பைக்கு அங்கே பழைய பெயர் ஒன்று இருந்து, அதனை அறிந்தவர் எவரேனும் மூங்கில்குடியிலிருந்து உயிரோடு வந்து சேர்ந்திருந்தால், அப்பெயரை மட்டும் எழுதி அனுப்புக. எவரும் இல்லையெனில் அதையும் எழுதுக. மெய்க்கீர்த்தியின் முதல் ஏட்டை எப்படியும் மறுபடி எழுதவேண்டியிருக்கிறது.

இன்று காலை தும்பை ஒருவர் கையிலிருந்து சோறு உண்டது. அந்தக் கை அதிரவில்லை என்று எழுதமாட்டேன்.

இவ்வோலையின் பிற்பகுதியில் எழுத்துகள் மேல்நோக்கிச் சரிந்திருப்பதைத் தாங்கள் கண்டிருக்கலாம். தரையில் குப்புறக் கிடந்து எழுதினால் எழுத்து அப்படித்தான் சரிகிறது. கட்டில் உயரம் தும்பைக்கு இன்னும் ஒத்துவரவில்லை. எழுதும்போதே ஏட்டுக் கயிற்றின் மறுமுனை யாராலோ இழுக்கப்பட்டது. விட்டுக்கொடுத்தேன். மேன்மாடத்துச் சன்னலில் யாரோ என் அகவலை, தங்கையார்க்குப் பதிலாக வேறொருவரை வைத்து, உரக்கப் பாடிக்கொண்டிருக்கிறார். எதுகை இப்போது சரியாக இருக்கிறது.

மலையும் கழியும் உள்ளளவும் இவ்வோலை நிற்க. அச்சந்தவிர்த்த மாவேங்கையர் ஆணைப்படி என்று எழுதுவது வழக்கம், வழக்கத்தை எழுதினேன். வேங்கை முத்திரை இட்டது பூதன் எயினன். அரக்கின் ஓரத்தில் நான்கு பற்கள் பதிந்திருப்பது கண்டு ஓலை பழுதென்று கொள்ளற்க. அதுவும் இட்டதே.